வெளிநாட்டுக்குப் பார்சல்: டிராக்கிங் எண் உள்ள தபாலை எந்த அளவுக்கு நம்பலாம்?

கோட்டையூர்_மேலவீதி

காரைக்குடி வட்டாரத்திலிருந்து வெளிநாட்டுக்கு அடிக்கடி பார்சல் அனுப்புகிறவர்களிடம் ஒரு தெளிவு வேண்டி இதை எழுதுகிறேன். தங்கை குடும்பம் மெல்பர்னிலும், அண்ணன் மகன் சிங்கப்பூரிலும், அயித்தை மகன் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்புக்கு வேண்டியவையும் கொஞ்சம் பலகாரமும் ஆளுக்கொரு கண்டாங்கிச் சேலையும் மூன்று வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். இதுவரை ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்பியே பழக்கம். இந்த ஆண்டு அப்படி யாரும் வரவில்லை.

தபாலில் டிராக்கிங் எண் தருகிறார்கள், ஆகவே கவலை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். சென்னையைத் தாண்டிவிட்டால் அந்த எண் எதையும் காட்டாது, கூரியர்தான் மேல் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். கூரியர்க் கட்டணமோ உள்ளே இருக்கும் பலகாரத்தின் விலையைவிடப் பல மடங்கு. எண் ஒன்று இருப்பதால் பார்சல் போய்ச் சேரும் என்பதற்கு ஏதேனும் உறுதி கூடுகிறதா, அல்லது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வதற்கு மட்டும்தானா?

முத்திரைக்கட்டை

பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தபால் கவுண்டரில் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டிராக்கிங் எண் பார்சலைக் காவல் காப்பதில்லை. பார்சல் கை மாறும் இடங்களில், இன்னார் பெற்றுக்கொண்டார் என்று பதிவு செய்கிறது. வட்டிக்கடைப் பேரேட்டில் எழுதாத நாளில் பணம் எங்கே இருந்தது என்று ஏடு சொல்லாது. அதற்காகப் பணம் தொலைந்துவிட்டது என்று ஆகாது. ஸ்கேன் விழாத இடமும் அப்படியே. ஆனால் எண்ணில்லாத சிறு பொதி பையோடு பையாக மொத்தத்தில் போகிறது. எண்ணுள்ளது பட்டியலில் தன் எண்ணோடு போகிறது. பட்டியலில் இருப்பது பையில் இல்லையென்றால் இரண்டு பக்கத்தில் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். போய்ச் சேரும் வாய்ப்பு கூடுவது அந்தப் பொறுப்பினால்தான்.

வழியைச் சொன்னால் மீதி விளங்கும். காரைக்குடியில் பதிவு செய்த பார்சல் சென்னையில் உள்ள அயல்நாட்டு அஞ்சலகத்துக்குப் போகும். அங்கே நம் நாட்டுச் சுங்கத்தார் பார்த்து அனுமதித்த பிறகு, சேரும் நாட்டின் பெயரிட்ட பையில் கட்டி, பையில் என்னென்ன எண்கள் இருக்கின்றன என்ற பட்டியலை மின்வழியில் அந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டு, பையை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பார்கள். அங்கிருந்து அந்த நாட்டின் பரிமாற்ற அஞ்சலகம் பையைத் திறந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும் வரை பார்சலுக்கென்று தனிப் பதிவு எதுவும் விழாது. மக்கள் பயப்படுவது இந்த இடைவெளியில்தான். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் சென்னையிலிருந்து நேர் விமானம் இருப்பதால் இந்த இடைவெளி சிறியது. மெல்பர்னுக்கும் அமெரிக்காவுக்கும் வேறோர் ஊரில் விமானம் மாறவேண்டும். பை அங்கே காத்துக் கிடந்தால் அந்த நாள்களெல்லாம் திரையில் ஒரே வரிதான் தெரியும். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில், இறங்கிய பையைத் திறக்கவே நாளாகும். பிள்ளையார் நோன்பு பெரும்பாலும் டிசம்பரில்தான் வருகிறது என்பதால், நம்மவர்கள் பார்சல் எப்போதும் அந்த நெருக்கத்துக்குள்தான் போய் விழுகிறது.

அடுத்தது, எந்தச் சேவை என்பது. கவுண்டரில் "டிராக்கிங் உண்டா?" என்று மட்டும் கேட்டால் எல்லாவற்றுக்கும் "உண்டு" என்றே பதில் வரும். பதிவுத் தபால், சிறு பொதிக்கான தடமறியும் சேவை, விமானப் பார்சல், இ.எம்.எஸ். எனப்படும் சர்வதேச ஸ்பீட் போஸ்ட் ஆகிய நான்கும் எண் தருபவைதான். ஆயினும் அவை ஒன்றல்ல. பதிவுத் தபாலில் புறப்பாடும் பட்டுவாடாவும் உறுதியாகும்; நடுவில் உள்ள கட்டங்களைச் சில நாடுகள் காட்டும், சில காட்டமாட்டா. இ.எம்.எஸ். வகையில், சேரும் நாட்டுக்கு நம் அஞ்சல் துறை கொடுக்கும் தொகையே அந்த நாடு ஸ்கேன் தகவலையும் பட்டுவாடாவையும் காலத்தில் செய்ததா என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. பார்சல் வகையிலும், தடமறியும் வசதியைத் தரும் நாட்டுக்கு அடிப்படைத் தொகைக்கு மேல் கூடுதல் உண்டு. காசு தொடர்புபட்ட இடத்தில் பதிவு நெருக்கமாக விழுகிறது. இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை

அண்ணன் சொன்ன விளக்கத்தை ஏற்கிறேன்; முடிவை ஏற்கவில்லை. பெரிய கூரியர் நிறுவனங்களில் நம் வாசலில் எடுப்பதிலிருந்து அந்த நாட்டு வாசலில் கொடுப்பது வரை ஒரே நிறுவனம், ஒரே கணினி. பெரும்பாலும் சுங்க வேலையையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தபாலில் இரண்டு நாட்டு அரசுத் துறைகள். ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கைகாட்டும். பாஸ்போர்ட், பட்டச் சான்று, நகரத்தார் திருமணப் பதிவான இசைகுடிமானத்தின் பிரதி போன்றவற்றைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வராது. பலகாரத்துக்கு வேண்டுமானால் தபால் போதும் என்பேன், ஏனென்றால் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

தேவகோட்டை_சிங்கை

பல ஆண்டுகளாகப் பெறுகிற பக்கத்தில் இருப்பவன் நான். தபாலோடு கூரியரை மட்டும் ஒப்பிட்டால் போதாது; நம் ஊரில் பெரும்பாலானோர் போவது மூன்றாவது வழியில். பலகாரக் கடைக்கு அருகிலேயே "வெளிநாட்டுக் கூரியர், கிலோ இவ்வளவு" என்று பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் முகவரைச் சொல்கிறேன். அவர்கள் பலருடைய பெட்டிகளைச் சேர்த்து ஒரு பெரிய சரக்காக அனுப்பி, போய் இறங்கிய பிறகு பிரித்து உள்ளூர்ச் சேவை ஒன்றிடம் ஒப்படைக்கிறார்கள்.

எனக்கு அப்படி வந்த ஒரு பெட்டியின் கதை இது. முகவர் முதலில் கொடுத்த எண் அவருடைய சொந்தப் பதிவேட்டு எண். அதை அவருடைய தளத்தில்தான் பார்க்க முடியும், அதுவும் "புறப்பட்டது" என்பதோடு நின்றது. விசாரித்தபோது இரண்டாவதாக வேறோர் எண் வந்தது. அந்த இரண்டாவது எண்ணை வழங்கிய நிறுவனமோ, எங்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை, அனுப்பியவர் கேட்கட்டும் என்றது. அனுப்பியவர் என்று அதில் இருந்த பெயர் ஊரில் இருக்கும் என் அப்பச்சியின் பெயரும் அல்ல, முகவர் பெயரும் அல்ல. பெட்டி ஒருவழியாக வந்து சேர்ந்தது. மாவுருண்டை மாவாகவே வந்தது. முகவர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஒழுங்காகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எண்ணைக் கையில் வாங்கும்போது அது யாருடைய எண் என்று அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முத்திரைக்கட்டை

சிங்கைத் தம்பி சொன்னது முக்கியமான செய்தி. யாருடைய எண் என்று நாமே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

1874இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறைப்படி, நாடு கடக்கும் தபால் எண்ணுக்கு மொத்தம் 13 இடங்கள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு எட்டு இலக்க வரிசை எண், அதன்பின் ஒரு சோதனை இலக்கம், முடிவில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். நம் நாட்டில் பதிவானது 'ஐ', 'என்' என்ற எழுத்துகளில் முடியும். முதல் எழுத்து 'இ' என்றால் இ.எம்.எஸ்., 'ஆர்' என்றால் பதிவுத் தபால், 'சி' என்றால் பார்சல், 'வி' என்றால் காப்பீடு செய்தது. 'யு' என்று தொடங்கினால் எச்சரிக்கை: அது சுங்கத் தகவலுக்காக மட்டும் எண் ஒட்டிய சாதாரணப் பொதி, வழித்தடம் காட்டுவதற்காக வந்த எண் அன்று.

சோதனை இலக்கத்தையும் கையால் போட்டுப் பார்க்கலாம். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். 12345678 என்ற வரிசை எண்ணை எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 204. 11ஆல் வகுத்தால் மீதி 6. 11இலிருந்து கழித்தால் 5. ஆகவே அந்த எண்ணின் ஒன்பதாம் இலக்கம் 5ஆகத்தான் இருக்க வேண்டும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் கொள்வார்கள். ரசீது மங்கிப்போய் ஓர் இலக்கம் மூன்றா எட்டா என்று ஐயம் வரும்போது, இந்தக் கணக்கு தீர்த்துவைக்கும்.

முகவர் தரும் எண்ணின் முடிவில் வேறு நாட்டு எழுத்துகள் இருந்தால், பொருள் அந்த நாட்டின் தபாலில்தான் பதிவாகியிருக்கிறது. அதற்கு விசாரணை மனுவை நம் ஊர் அஞ்சலகத்தில் கொடுக்க முடியாது.

பள்ளத்தூர்ப்_பலகாரம்

வீட்டிலேயே பலகாரம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு தொழில் எங்களுடையது. எங்கள் அனுபவத்தில் தபாலில் தொலைவதைவிட, சுங்கத்தில் நிற்பதே பிரச்சினை; அங்கே நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டிக்குள்ளும் படிவத்திலும் இருக்கிறது.

முதலில் கசகசா. செட்டிநாட்டுக் குருமாப் பொடியில் கசகசா சேர்ப்பது வழக்கம். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டத்தோடு தொடர்புடைய தடை என்பதால் விளையாட்டில்லை. தனியாகக் கசகசா வைப்பது இருக்கட்டும், அரைத்த பொடியில் கலந்திருந்தாலும் பெறுகிறவருக்குத் தொல்லை. அந்த நாடுகளுக்குப் போகும் பொடியை நாங்கள் முந்திரியும் பொட்டுக்கடலையும் வைத்துத் தனியாக அரைக்கிறோம்.

இரண்டாவது, பொருள் விவரம். படிவத்தில் "உணவு" என்றோ "பலகாரம்" என்றோ ஒரே சொல்லில் எழுதினால், பெட்டியைத் திறந்து பார்க்காமல் எந்த அதிகாரியும் விடமாட்டார். "அரிசிமாவு முறுக்கு, எண்ணெயில் பொரித்தது, 500 கிராம், உளுந்துச் சீடை, 500 கிராம், பருத்திச் சேலை, 1" என்று ஆங்கிலத்தில் தனித்தனி வரியாக, எடையோடும் விலையோடும் எழுத வேண்டும். இப்போது இந்த விவரம் எல்லாம் கணினி வழியாகப் பார்சலுக்கு முன்பே அந்த நாட்டுக்குப் போய்விடுகிறது. 2021 முதல் பொருள் உள்ள தபாலுக்கு உலகம் முழுவதும் இது கட்டாயம். விவரம் போகாத பார்சலை விமானத்தில் ஏற்றவும் மாட்டார்கள். டிராக்கிங் சென்னையிலேயே நிற்பதாகப் புலம்புகிறவர்களில் சிலருடைய சிக்கல் இதுதான்.

மூன்றாவது கட்டு. முறுக்கும் தேன்குழலும் உடைவது தூக்கி எறிவதால் மட்டுமன்று; உள்ளே ஆடுவதால்தான் அதிகம். தகர டப்பாவில் நிரப்பினால் எடை ஏறுகிறது, எடை ஏறினால் கட்டணம் ஏறுகிறது. கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வாய்வரை இறுக்கி, மேலே எஞ்சும் இடத்தில் கசக்கிய தாளை அடைத்து, அதை ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டியைக் குலுக்கினால் ஓசை வராத அளவுக்கு நிரப்ப வேண்டும். மாவுருண்டையை உருண்டையாக அனுப்பாமல் வறுத்து அரைத்த மாவாகவும் சீனியாகவும் அனுப்பி, அங்கே நெய் காய்ச்சி உருட்டிக்கொள்ளச் சொல்வது நல்லது. கருப்பட்டி வெயிலில் கசியும். எண்ணெய்த்தாளில் சுற்றி இரட்டைப் பையில் இடவேண்டும். நல்லெண்ணெய், ஊறுகாய் இரண்டையும் நாங்கள் எடுப்பதே இல்லை. ஒரு பாட்டில் கசிந்தால் அதே பையில் இருக்கும் பத்துப் பேருடைய பார்சல் நாறிவிடும்.

மெல்பர்ன்_மருமகள்

ஆச்சி சொன்னதோடு ஆஸ்திரேலியாவுக்கென்று சிலவற்றைச் சேர்க்கிறேன். இங்கே தபாலில் வரும் உணவையும் தாவரப் பொருளையும் உயிரிப் பாதுகாப்புத் துறையினர் மோப்ப நாயும் ஊடுகதிர்க் கருவியும் கொண்டு பார்க்கிறார்கள். பால், முட்டை, இறைச்சி சேர்ந்தவை, விதைகள், பசுந்தாவரம் ஆகியவற்றில் கடுமை அதிகம். பிள்ளையார் நோன்புக்கு ஊரிலிருந்து அனுப்ப விரும்புவதில் ஆவாரம்பூவும் நெல்பொரியும் கட்டாயம் இருக்கும். பூ உள்ளே வராது. நெல்பொரியில் உமியோடு பொரியாத நெல் நாலு கிடந்தாலும் அது விதைதான். அவற்றைக் கண்டுபிடித்தால் பெறுகிறவரின் செலவில் திருப்பி அனுப்புவதா, அழிப்பதா என்று கேட்டுக் கடிதம் வரும். சில வேளை கேட்காமலே அழித்துவிட்டு அறிவிப்பை மட்டும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். தடை இல்லாத மற்றப் பொருள்களும் அதனால் தாமதமாகும். ஆகையால் சேலையையும் உணவையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நோன்பில் ஏற்றும் இழைத் திரிக்கான வேட்டி நூலை ஊரிலிருந்து அனுப்பினால் போதும். பொரியை இங்கே இந்தியக் கடைகளில் வாங்கிக்கொள்கிறோம்.

டிராக்கிங்கைப் பொறுத்தவரை ஒன்று. பார்சல் இந்த நாட்டுக்குள் வந்த பிறகு இந்தியத் தளத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அதே 13 இட எண்ணை ஆஸ்திரேலியத் தபாலின் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நாட்டுக் கணினிகளும் செய்தியைப் பரிமாறிக்கொள்கின்றன என்றாலும், பட்டுவாடா செய்யும் நாட்டின் தளத்தில்தான் விவரம் கூடுதலாகவும் முன்னதாகவும் தெரியும். ஆள் இல்லாதபோது வந்து எந்தக் கடையில் வைத்துவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் அங்கேதான் வரும். பெறுகிறவரின் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கவுண்டரில் கொடுத்திருந்தால் செய்தி நேரே எங்களுக்கே வந்துவிடும்.

கோட்டையூர்_மேலவீதி

எல்லாருக்கும் நன்றி. நியூஜெர்சிக்குத் தபாலே எடுப்பதில்லை என்று காரைக்குடியில் ஒருவர் சொன்னார். அது உண்மையா? பதிவுத் தபாலையே நிறுத்திவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

முத்திரைக்கட்டை

இரண்டும் பாதி உண்மை. 2025இல் உள்நாட்டுப் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. அது உள்நாட்டைப் பற்றிய ஏற்பாடு. அமெரிக்கச் செய்தியைச் சேலை அனுப்புகிற அன்பர் விளக்கட்டும். அவருக்கு அதில் பட்டறிவு அதிகம்.

கண்டாங்கி_வணிகம்

800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு வரியில்லை என்ற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற நடைமுறை தெளிவாகாததால் விமான நிறுவனங்கள் தபால் பைகளை ஏற்கத் தயங்கின. அதனால் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அமெரிக்காவுக்கான பதிவை நிறுத்திவைத்து, அக்டோபர் 15 அன்று மீண்டும் தொடங்கியது. நீங்கள் கேள்விப்பட்டது அந்த இடைக்காலச் செய்தி.

இப்போதைய முறையில், அமெரிக்க வரியை அனுப்புகிறவர் இங்கே பதிவு செய்யும்போதே கட்டிவிட வேண்டும். 100 டாலர் மதிப்புக்கு உட்பட்ட, தனி ஒருவர் தனி ஒருவருக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு வரி விலக்கு தொடர்ந்தது. வரிவிகிதம் மாறிக்கொண்டே இருப்பதால், அனுப்பும் நாளில் கவுண்டரில் கேட்டு அறிவதே முறை. பழைய செய்தியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஒரு வகையில் இந்த ஏற்பாடு நம்பகத்தைக் கூட்டியிருக்கிறது என்பேன், ஏனென்றால் வரி பாக்கிக்காக அங்கே பார்சல் காத்துக் கிடக்கும் நிலை குறைகிறது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் செய்து, செய்தவரே தனிப்பட்ட அன்பளிப்பாக அனுப்பும் உணவுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்புத் தர வேண்டியதில்லை. கடையில் வாங்கி அனுப்பும் பலகாரத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆகவே நியூஜெர்சிப் பெட்டிக்கு வீட்டு முறுக்கே மேல்.

மதிப்பைக் குறைத்து எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். நான்காயிரம் ரூபாய்ச் சேலைக்கு நானூறு என்று எழுதினால் சிங்கப்பூருக்கு அதனால் ஆதாயம் ஒன்றுமில்லை. அங்கே 400 சிங்கப்பூர் டாலர் வரை ஜி.எஸ்.டி. கிடையாது. காணாமற்போனால் இழப்பீடு நானூறுக்கு மேல் ஒரு காசு வராது. காரைக்குடிக் கண்டாங்கி 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. அதன் விலை என்ன என்று இணையத்தில் பார்க்கத் தெரியாத சுங்க அதிகாரி எந்த நாட்டிலும் இல்லை.

விற்பனைக்கு அனுப்புகிறவர்களுக்கு வழி வேறு. ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் பெற்று, அஞ்சலக ஏற்றுமதி மையத்தின் வழியாக மின்வழி ஏற்றுமதிப் பட்டியல் தாக்கல் செய்தால்தான் அது ஏற்றுமதியாகக் கணக்கில் வரும். "அன்பளிப்பு" என்று குறித்துவிட்டு விற்கிறவர்கள், ஒரு நாள் பெட்டி நின்றால் உண்மையைச் சொல்லவும் முடியாமல் தவிப்பார்கள்.

கணக்குப்பிள்ளை

இழப்பீடு என்ற சொல் வந்ததால் கேட்கிறேன். தபாலில் அப்படி ஒன்று நடைமுறையில் கிடைக்கிறதா? அஞ்சல் சட்டத்திலேயே துறைக்குப் பொறுப்பில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது நான் அறிந்தது.

முத்திரைக்கட்டை

1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது; அதிலும் விதிகளில் குறித்த அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்றே இருக்கிறது. அந்தக் "குறித்த அளவு" என்பதுதான் நமக்கு வேண்டியது.

உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி, காப்பீடு செய்யாத பார்சல் தொலைந்தாலோ களவு போனாலோ சேதமடைந்தாலோ இழப்பீட்டின் உச்சவரம்பு 40 எஸ்.டி.ஆர்., அதோடு கிலோவுக்கு 4.50 எஸ்.டி.ஆர். பதிவுத் தபாலுக்கு 30 எஸ்.டி.ஆர். இந்த எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒன்று ஏறத்தாழ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து கிலோப் பார்சலுக்கு 62.5 எஸ்.டி.ஆர்., அதாவது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவில் வரும். இது உச்சவரம்புதான், உண்மையான மதிப்பு அதற்குக் கீழே என்றால் அந்த மதிப்புதான். தாமதத்துக்கு இழப்பீடு இல்லை. கட்டு சரியில்லாமல் உடைந்ததற்கும், தடை செய்த பொருளைச் சுங்கம் எடுத்துக்கொண்டதற்கும் இல்லை. நகைக்கும் பணத்துக்கும் இந்த வழியே கிடையாது. தங்கம் வைத்து அனுப்பலாமா என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருப்பதால் சொல்கிறேன்.

விசாரணை மனுவுக்குக் காலவரம்பு உண்டு: பார்சலுக்கும் பதிவுத் தபாலுக்கும் பதிவு செய்த மறுநாளிலிருந்து ஆறு மாதம், இ.எம்.எஸ். வகைக்கு நான்கு மாதம். பட்டுவாடா ஆகும்வரை பொருள் சட்டப்படி அனுப்பியவருக்கே உரியது. ஆகவே மனுவும் அனுப்பியவர்தான் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அங்கே எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தாலும், ஊரில் இருக்கும் ஐயா ரசீதோடு அஞ்சலகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ரசீது வெயிலில் வெளுக்கும் தாளில் அச்சாகிறது. வாங்கிய கையோடு கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தின் நகலையும், பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதையும் படம் எடுத்திருந்தால் மனு வலுப்பெறும்.

கணக்குப்பிள்ளைத் தம்பி சொன்ன சான்றிதழ், பாஸ்போர்ட் விஷயத்தில் நானும் அவர் பக்கந்தான். தொலைந்தால் ஈடு செய்ய முடியாத ஒற்றைப் பிரதிக்கு, ஒரே நிறுவனத்தின் கையில் கடைசிவரை போகும் கூரியருக்குக் கட்டணம் கொடுப்பது வீண் செலவு ஆகாது. பலகாரத்துக்கும் சேலைக்கும் இ.எம்.எஸ். போதுமானது, நாள் கையில் இருந்தால் விமானப் பார்சலும் போதும். முகவரிடம் போவது, அவர் தரும் எண் யாருடையது என்று பார்த்த பிறகு.

தேவகோட்டை_சிங்கை

முகவரியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடே கட்டடத்தைக் காட்டிவிடும். ஆனால் மாடியும் வீட்டு எண்ணும் இல்லாவிட்டால் பார்சல் திரும்பும். துபாயில் இருக்கும் உறவுகளுக்கு வீட்டு முகவரியோடு தபால்பெட்டி எண்ணும் கைப்பேசி எண்ணும் வேண்டும். அங்கே தபால் முறையே பெட்டி எண்ணை வைத்துத்தான் வளர்ந்தது. "இன்னார் வீட்டுக்கு எதிரில்" என்பதெல்லாம் கண்டனூர் வரைக்குந்தான் செல்லும்.

கோட்டையூர்_மேலவீதி

கடைசியாக ஒன்று. பார்சல் படிவத்தில், பட்டுவாடா ஆகாவிட்டால் திருப்பி அனுப்புவதா, கைவிடுவதா என்று ஒரு கட்டம் இருக்கிறதாமே, எதைக் குறிப்பது?

முத்திரைக்கட்டை

பார்சல் வகையில் திரும்பி வரும் செலவு அனுப்பியவர் தலையில் விழும். முறுக்கும் சீடையும் இரண்டு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்து யாருக்குப் பயன்? உணவுப் பெட்டிக்குக் "கைவிடுக" என்று குறியுங்கள். சேலைப் பெட்டிக்குத் "திருப்பி அனுப்புக" என்று குறித்து, விமானத்திலா, செலவு குறைந்த வழியிலா என்பதில் செலவு குறைந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடாதீர்கள். இந்தக் காரணத்துக்காகவும், மெல்பர்ன் ஆச்சி சொன்ன காரணத்துக்காகவும், ஆஸ்திரேலியாவுக்கு இரண்டு பெட்டியாகவே போடுங்கள். கட்டணம் சற்றுக் கூடும், பரவாயில்லை. நவம்பர் முதல் வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள்.